‘டி’ என்றால் அகலம் என்று நம்பி வாங்கிய ஓட்டக் காலணி: ஓர் எச்சரிக்கை

அகலமான பாதம் உள்ளவர்களும், ஓடும்போது பாதம் உட்புறமாகச் சரிகிறது என்று பிறர் சொல்லக் கேட்டவர்களும், ஓட்டக் காலணிகளுக்கென்றே நடத்தப்படும் கடைகளுக்குப் போகும் முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். நான் போலிப் பொருளை வாங்கி ஏமாறவில்லை. எனக்கு விற்கப்பட்டது நல்ல பெயருள்ள நிறுவனத்தின் அசல் காலணிதான், அதன் தயாரிப்பில் எந்தக் குறையும் இல்லை. அது என் பாதத்துக்குப் பொருந்தாது என்று தெரிந்தும் அதை என் தலையில் கட்டினார்கள் என்பதே என் புகார்.

இரண்டு ஆண்டுகளாக வாரத்துக்கு மூன்று நாள் ஓடிவந்த எனக்கு, சுண்டுவிரலின் ஓரத்தில் தோல் காய்த்துப் போயிருந்தது. நீண்ட ஓட்டங்களுக்குப் பிறகு கணுக்காலின் உட்புறத்தில் ஒரு வலியும் வரத் தொடங்கியிருந்தது. இரண்டையும் விற்பனையாளரிடம் சொன்னேன். முதலாவதை அவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. இரண்டாவதைக் கேட்டதும் சுறுசுறுப்பானார். வெறுங்காலோடு டிரெட்மில்லில் ஏற்றி, பின்னாலிருந்து அரை நிமிடம் படம் பிடித்து, அதை மெதுவாக ஓடவிட்டு, குதிகாலின் மேல் ஒரு கோட்டை வரைந்து, “ஓவர்புரொனேஷன் சார், கொஞ்சம் கடுமையாகவே இருக்கிறது” என்றார். பாதம் அளவுக்கு மீறி உட்புறமாகச் சாய்கிறது என்று பொருள். என் பழைய காலணியைத் திருப்பி, குதிகாலின் வெளி ஓரம் தேய்ந்திருப்பதையும் அதற்குச் சான்றாகக் காட்டினார். என் முறைக்காகக் காத்திருந்தபோது எனக்கு முன்னால் டிரெட்மில்லில் ஏறிய மூவருக்கும் இதே தீர்ப்புதான் வழங்கப்பட்டது என்பது அப்போது என் மண்டையில் உறைக்கவில்லை.

பாதம் தரையைத் தொட்டதும் சற்று உட்புறமாகச் சாய்வது நோயே அல்ல. அதிர்வை வாங்கிக்கொள்ள உடல் இயல்பாகச் செய்யும் வேலை அது. குதிகாலின் வெளி ஓரம் தேய்வதும் அப்படித்தான். குதிகாலை முதலில் ஊன்றி ஓடுபவர்களில் பெரும்பாலோர் அந்த ஓரத்தில்தான் இறங்குகிறார்கள், ஆகவே அந்தத் தேய்மானம் எதையும் நிரூபிப்பதில்லை. 927 புதிய ஓட்டக்காரர்களுக்கு ஒரே வகையான சாதாரணக் காலணியைக் கொடுத்து ஓராண்டு கவனித்த டென்மார்க் ஆய்வு ஒன்று 2014இல் வெளிவந்தது. மிதமான அளவில் உட்புறம் சாயும் பாதங்களுக்குக் காயம் கூடுதலாக வருவதாக அதில் தெரியவில்லை. மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும்: 372 பேரை ஆறு மாதம் பின்தொடர்ந்து லக்சம்பர்க் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட ஆய்வில், உட்சாய்வு உள்ளவர்களுக்கு அதைக் கட்டுப்படுத்தும் காலணி உதவியிருக்கிறது. ஆகவே அத்தகைய காலணிகள் வெறும் விற்பனைத் தந்திரம் என்று நான் சொல்லவில்லை. பழக்கமில்லாத இயந்திரத்தின் மேல் வெறுங்காலோடு ஓடிய அரை நிமிடத்தை வைத்துக்கொண்டு ‘கடுமை’ என்று ஒருவர் தீர்ப்புச் சொல்வதைத்தான் நம்பக் கூடாது என்கிறேன்.

உண்மையான ஏமாற்று இதற்குப் பிறகுதான் நடந்தது. அவர் கொண்டுவந்த காலணியில் சுண்டுவிரல் நசுங்கியது. சொன்னேன். அரை அளவு பெரியது வந்தது. பிறகு ஒரு முழு அளவு பெரியது வந்தது. அப்போதும் ஓரம் இறுக்குகிறது என்றபோது, காலணியின் நாக்கில் ஒட்டியிருந்த சீட்டைக் காட்டி, “இது டி அகலம் சார், டி என்றாலே அகலமானது, இரண்டு மூன்று ஓட்டத்தில் துணி விட்டுக்கொடுத்துவிடும்” என்றார். இது அரை உண்மை என்பதால்தான் முழுப் பொய்யைவிட மோசமானது. பெண்களுக்கான காலணிகளில் ‘பி’ வழக்கமான அகலம், ‘டி’ அகலமானது. ஆண்களுக்கான காலணிகளிலோ ‘டி’ என்பதே வழக்கமான அகலம். அகலமானவை ‘2ஈ’, அதனினும் அகலமானவை ‘4ஈ’. நான் கையில் வைத்திருந்தது ஆண்களுக்கான காலணி. ஓட்டக் காலணி விற்பதையே தொழிலாகக் கொண்டவருக்கு இது தெரியாது என்று நம்புவதற்கு எனக்கு மனம் வரவில்லை.

நீளத்தைக் கூட்டி அகலத்தைப் பெறுவது எவ்வளவு தவறானது என்பதை என் கால்களே எனக்குக் கற்றுக்கொடுத்தன. அளவு ஒன்று ஏறினால் காலணி ஏறக்குறைய எட்டரை மில்லிமீட்டர் நீள்கிறது, அகலமும் கொஞ்சம் கூடுகிறது. அதனால் கடையில் நின்று பார்க்கும்போது நிம்மதியாகத்தான் இருக்கும். ஆனால் விரல்களின் அடிமூட்டு மடங்கும் இடமும் காலணி மடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். நீளம் கூடினால் காலணியின் மடிப்பு முன்னே தள்ளிப்போகிறது, குதிகால் உள்ளே வழுக்குகிறது, உட்புறச் சாய்வைத் தடுப்பதற்காக மிட்சோலின், அதாவது காலணி அடியின் நடு அடுக்கின், உள்பக்கத்தில் வைத்திருக்கும் கடினமான பகுதியும் தனக்குரிய இடத்தில் நிற்பதில்லை. போதாக்குறைக்கு, உள்ளங்கால் வளைவைத் தாங்குவதற்கென்று, காலணிக்குள் விரிக்கும் விறைப்பான இன்சோல் ஒன்றையும் சேர்த்து விற்றார்கள். ஏற்கெனவே சாய்வைத் திருத்தும் காலணிக்குள் இன்னொரு திருத்தம். அதோடு, இறுக்கமான காலணியில் இருந்த கொஞ்சநஞ்ச இடத்தையும் அந்த இன்சோல் விழுங்கிக்கொண்டது.

மூன்றாவது வாரத்தில் பெருவிரல் நகம் இரண்டு கால்களிலும் கருத்துவிட்டது. உள்ளங்கால் வளைவில் கொப்புளம் வந்தது. ஐந்து கிலோமீட்டரைத் தாண்டினால் மூன்றாவது, நான்காவது விரல்களுக்கு நடுவே மரத்துப்போகத் தொடங்கியது. கடைக்குத் திரும்பிப் போனேன். அடிப்பகுதியில் மண் பட்டுவிட்டதால் மாற்றித் தர முடியாது என்றார்கள்; ஓடுவதற்கு விற்ற பொருளை ஓடிப் பார்க்காமல் எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்டதற்கு விற்பனையாளர் சிரித்தார். மேலாளரோ, பழக இன்னும் சில வாரம் ஆகும் என்றும் இன்சோலை மாற்றிப் பார்க்கலாம் என்றும், அதையும் விலைக்கு வாங்க வேண்டும் என்றும் சொன்னார்.

மரத்துப்போவதற்காகப் பார்க்கப்போன பிசியோதெரபிஸ்ட், என் பாதத்தைத் தொடுவதற்கு முன்னரே காலணிக்குள் இருந்த இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன் மேல் என்னை நிற்கச் சொன்னார். சுண்டுவிரல் முழுதும் வெளியே நின்றது. பெருவிரல் பக்கமும் சதை வழிந்தது. சோதனை அவ்வளவுதான், பத்து விநாடிகூட ஆகவில்லை. இதை எந்தக் கடையிலும் எவருடைய அனுமதியும் இன்றி நீங்களே செய்துகொள்ளலாம். பின்பு பிரானாக் கருவியில் அளந்தார். குதிகாலைப் பொருத்தி நிற்கும் அந்த உலோகத் தட்டு, பாதத்தின் மொத்த நீளம், குதிகாலிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரையுள்ள நீளம், அகலம் ஆகிய மூன்றையும் காட்டும். அகலத்துக்கான எழுத்து நீளத்தோடு சேர்த்தே படிக்கப்படுகிறது. ஒரே அகலமுள்ள பாதம் நீளம் குறைந்தால் ‘4ஈ’ ஆகலாம், நீளம் கூடினால் ‘டி’க்குள்ளும் அடங்கலாம். கடையில் எனக்கு நீளத்தை ஏற்றிக்கொண்டே போனதன் இரகசியம் அங்கேதான் இருந்தது. என் பாதம் ‘4ஈ’. கடையில் இந்த அளவை எடுக்கவே இல்லை, “உங்கள் சைஸ் என்ன?” என்று மட்டுமே கேட்டார்கள்.

கணுக்கால் வலியின் பெரும்பகுதி, நசுங்கிய முன்பாதம் இடம் தேடி உட்பக்கமாக உருண்டதால் வந்திருக்கலாம் என்று பிசியோதெரபிஸ்ட் கருதினார். அது எல்லாருக்கும் பொருந்துமா என்பது வேறு விஷயம், எனக்குப் பொருந்தியது. உட்சாய்வை மட்டுப்படுத்தும் காலணிகளிலேயே ‘4ஈ’ வரை கிடைப்பவை உண்டு. புரூக்ஸ் அட்ரினலின் ஜிடிஎஸ், ஏசிக்ஸ் ஜெல்-கயானோ, நியூ பேலன்ஸ் 860 ஆகியவை அத்தகையவை. முன்பகுதி விரிந்த வடிவம் உள்ள காலணிகளையும் அகலமானவை என்று சொல்லி விற்பார்கள். விரல்களுக்கு அங்கே இடம் இருக்கும், ஆனால் அடிமூட்டுப் பகுதியில் அகலம் வழக்கமானதாகவே இருக்கக்கூடும். இரண்டும் ஒன்றல்ல. அகலப் பாதமுள்ள பெண்கள், தங்கள் வரிசையில் அகலம் கிடைக்காவிட்டால், அமெரிக்க அளவில் ஒன்றரை எண் குறைத்து ஆண்களுக்கான காலணியைப் போட்டுப் பார்க்கலாம். அங்கே ‘டி’தான் வழக்கமான அகலம். மாலையில், பாதம் வீங்கியிருக்கும் நேரத்தில், ஓடும்போது அணியும் காலுறையோடு, இரண்டு கால்களிலும் பெரியதற்கு ஏற்ப வாங்குங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருந்தால் நீளம் போதும். ‘போகப் போகத் தளரும்’ என்று யாராவது சொன்னால் காலணியைக் கழற்றி வைத்துவிடுங்கள்.

நான் நீண்ட கடிதம் ஒன்றை அந்தக் கடைக்கு எழுதினேன். பணம் திரும்பி வரவில்லை. அடுத்த காலணிக்கு விலைக்கழிவு தருவதாகப் பதில் வந்தது. அதே மாடலை ‘4ஈ’யில் தர முடியுமா என்று கேட்டேன். ‘டி’யைத் தவிர வேறு அகலம் எதையும் தாங்கள் இருப்பில் வைப்பதே இல்லை என்று எழுதினார்கள். டிரெட்மில்லில் ஏறும் முன்பே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. நீங்கள் வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.