நாய் விடுதியில் விட்டுப் போகிறவர்கள் கவனத்துக்கு: ஜனவரி 5-இல் ஒரு பொய் டிக்

வெள்ளச்சி எங்கள் வீட்டு ராஜபாளையம். நாலரை வயது. போன வருடம் அக்டோபர் 28 அன்று அவளைச் சென்னை ஓஎம்ஆரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு நாய் விடுதியில் விட்டேன். பெயரை இங்கே எழுதப்போவதில்லை, நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் யோசனை இருக்கிறது. திருநெல்வேலியில் அம்மா வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஆபரேஷன், அப்புறம் நடக்கப் பழக்குவது என்று இரண்டு மாதம் ஓடிவிட்டது. வெள்ளச்சியைத் திரும்பக் கூட்டிவந்தது ஜனவரி 2. மொத்தம் 66 இரவு.

ஒரு நாளைக்கு 650 ரூபாய். அதற்கு மேல் ‘முழு தடுப்பு பேக்கேஜ்’ என்று 3,600. உண்ணிக் குளியல், கொசு மூலம் வரும் புழுவுக்கு மாதம் ஒரு மாத்திரை, எல்லாம் அதில் அடக்கம் என்றார்கள். வெள்ளச்சிக்கு ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதி மாத்திரை நாள். அதைச் சொன்னதும் வரவேற்பில் இருந்த பெண் ஒரு அட்டையில் நவம்பர் 5, டிசம்பர் 5, ஜனவரி 5 என்று என் கண் முன்னாலேயே எழுதினார். அந்த அறையில் ஏசி, சுவரில் நாய்க்குட்டிப் படங்கள், ஜன்னலில் புதுக் கொசுவலை. நான் பார்த்தது அந்த அறையை மட்டும்தான். பின்னால் இருந்த கூண்டுகளை அன்றைக்கே போய்ப் பார்க்காதது என் தப்பு.

கூட்டிவரப் போன அன்று ஆள் யாரும் இல்லாததால் நானே பின்பக்கம் நடந்தேன். தகரக் கொட்டகை, இரண்டு வரிசையில் இருபது இருபத்திரண்டு கூண்டு. பச்சை வலை கட்டியிருந்தார்கள், ஆனால் கீழ்ப்பக்கம் நாய்கள் கடித்துக் கிழித்து முழங்கால் உயரத்துக்குத் திறந்து கிடந்தது. குளிப்பாட்டும் இடத்தில் ஒரு சிமெண்டுத் தொட்டி. எட்டிப் பார்த்தால் தண்ணீர் முழுக்கக் கொசுப் புழு நெளிகிறது. வெள்ளச்சியின் காதுக்குள் ரோஸ் தோலில் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. மூக்கிலும்தான். வெள்ளை நாய் என்பதால் எண்ணிவிடலாம் போல இருந்தது. வீட்டுக்கு வந்து குளிப்பாட்டியபோது கால் விரலிடுக்கில் ஏழு உண்ணி எடுத்தேன். எரிச்சலாகத்தான் இருந்தது. இருந்தாலும் மாத்திரைதான் போட்டிருக்கிறார்களே என்று அட்டையைச் சரியாகக்கூடப் பார்க்காமல் பையில் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி, மார்ச் இரண்டு மாதம் நானே மாத்திரை கொடுத்தேன். அப்புறம் வெயில் வந்துவிட்டது, கொசு குறைந்துவிட்டது என்று நிறுத்தினேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டு கடைசியில் விலாப் பக்கம் சுண்டைக்காய் அளவுக்கு ஒரு கட்டி. வலியில்லை, தொட்டால் நகர்ந்தது. அதையே நக்கிக்கொண்டு, இரவெல்லாம் சொறிந்துகொண்டு இருந்தாள். வேப்பெண்ணெய் தடவிப் பார்த்தோம். பக்கத்துக் கிளினிக்கில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து ரேபிட் கிட்டில் விட்டு, ‘புழு இல்லை, அலர்ஜி’ என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். இரண்டு வாரம் கழித்து இன்னொரு கட்டி.

அப்புறம்தான் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் வைத்து, மேலே மெல்லிய வில்லையை மூடி, மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, “நீங்களே பாருங்கம்மா” என்று எழுந்து இடம் கொடுத்தார். வட்ட வட்டமாகச் சிவப்பணுக்கள். நடுவில் நூல் பிசிறு மாதிரி ஒன்று துள்ளித் துள்ளி, பக்கத்து அணுக்களை எல்லாம் இடித்துத் தள்ளிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தால் இன்னொன்று. எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

மறுபடி ரத்தம் எடுத்து, ஃபார்மலின் கலந்து, சுழலவிட்டு, அடியில் தங்குவதைச் சாயம் போட்டுப் பார்த்து, டைரோஃபைலேரியா ரெபென்ஸ் என்றார்கள். இதயப் புழுவுக்கு ஒன்றுவிட்ட தம்பி. இதயத்தில் குடியேறாமல் தோலுக்கு அடியில் வளர்கிறது. அந்த ரேபிட் கிட் கண்டுபிடிப்பது இதயப் புழுவை மட்டும்தான், அதிலும் வளர்ந்த பெண் புழு இருந்தால். இது கிட்டில் தெரியவே தெரியாது. கேரளத்திலும் நம் பக்கத்திலும் நாய்களிடம் அதிகம் பார்ப்பது தோலடிப் புழுவைத்தான், அதனால் கிட்டை நம்பி இருந்துவிடக்கூடாது, ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொல்ல வேண்டும் என்றார் டாக்டர். முடிந்தால் சாயங்காலத்துக்கு மேல் ரத்தம் கொடுப்பது நல்லது, ரத்தத்தில் குஞ்சுப் புழு கூடுதலாக ஓடுவது அப்போதுதான்.

இது நாய்க்கு நாய் நேராக ஒட்டாது. நடுவில் கொசு வேண்டும். புழு உள்ள நாயைக் கடிக்கும் கொசு ரத்தத்தோடு குஞ்சுகளையும் உறிஞ்சிக்கொள்கிறது. நம் ஊர் வெக்கையில் இரண்டு வாரத்துக்குள் அவை கொசுவின் உடம்பில் முற்றி வாய்க்கு வந்துவிடுகின்றன. அடுத்த நாயைக் கடிக்கும்போது தோலில் இறங்கி, கடித்த துளை வழியாகவே உள்ளே போய்விடும். இப்போது அந்தக் கொட்டகையை நினைத்துப் பாருங்கள். ஊர் ஊராக வந்த இருபது நாய், கிழிந்த வலை, தொட்டி நிறையக் கொசு. ஒரே ஒரு நாயின் ரத்தத்தில் இருந்தால் போதும். இரண்டு இரவு தங்கும் நாய் தப்பித்தாலும் தப்பிக்கும், 66 இரவு என்பது வேறு கணக்கு.

மாத்திரை கொசுவை விரட்டாது. போன ஒரு மாதத்தில் உள்ளே வந்த இளம் புழுவைக் கொல்லும். நாள் தள்ளிப்போனால் புழு முற்றிவிடும், மாதாந்திர மாத்திரைக்கு அடங்காது. அப்புறம் ஆறிலிருந்து ஒன்பது மாதம் வரை ரத்தத்தில் ஒன்றுமே தெரியாது. விடுதியிலிருந்து வந்த மறுவாரம் டெஸ்ட் எடுத்து ‘நெகட்டிவ்’ என்று நிம்மதியாவதில் அர்த்தமே இல்லை.

“தடுப்பு மாத்திரை ஏதாவது விட்டுப்போச்சா?” என்று டாக்டர் கேட்டபோதுதான் பையைத் துழாவி அந்த அட்டையை எடுத்தேன். மூன்று தேதிக்கும் டிக். ஒரே நீலப் பேனா, ஒரே சாய்வு. ஜனவரி 5-க்கும் டிக் இருந்தது. ஜனவரி 5 அன்று வெள்ளச்சி என் கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தாள்!

அங்கே முன்பு வேலை பார்த்த பையனிடம் போனில் கேட்டேன். “அக்கா, எனக்குத் தெரிஞ்சு மாத்திரைலாம் யாரும் குடுத்ததில்ல. உண்ணி ஷாம்பு போடுவோம், அவ்ளோதான்” என்றான். உண்ணி ஷாம்புக்கும் கொசுப் புழுவுக்கும் சம்பந்தமே இல்லை. உண்ணிக்கென்று விற்கும் மாத்திரைகளும் கழுத்துப் பட்டைகளும்கூடப் பலவும் இந்தப் புழுவைத் தொடாது. ‘எல்லாத்துக்கும் சேர்த்து’ என்று சொன்னால் மருந்தின் பெயரைக் கேளுங்கள். மில்பெமைசின், மாக்சிடெக்டின், ஐவர்மெக்டின், செலமெக்டின் இவற்றில் ஏதாவது ஒன்று அதில் இருக்க வேண்டும். சில இடங்களில் மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் ஊசியைக் கண்ணளவில் ஏற்றிவிடுகிறார்கள், அது இன்னொரு ஆபத்து. கோலி (Collie) மாதிரி சில நாய் இனங்களுக்கு அந்த அளவு உயிரையே எடுத்துவிடும். ரத்தத்தில் ஏற்கனவே குஞ்சுப் புழு இருக்கும் நாய்க்கும் டாக்டர் இல்லாமல் போடக்கூடாது.

விடுதிக்காரருக்கு அட்டையின் படத்தை அனுப்பினேன். “கொசு கடிக்காத நாய் எந்த ஊர்ல மேடம் இருக்கு? உங்க தெருவுல கொசு இல்லையா?” என்று பதில். இருக்கிறது. எந்தக் கொசு எந்த இரவு கடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் பாதியில் நிறுத்திய மாதங்களில்கூட வந்திருக்கலாம், டாக்டரும் அதைத்தான் சொன்னார். நான் விடுதிக்காரரிடம் கேட்பது வேறு. மாத்திரை கொடுக்கவில்லை என்று ஜனவரியிலேயே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே டாக்டரிடம் ஓடியிருப்பேன், மாத்திரையை ஒரு மாதம்கூட விட்டிருக்க மாட்டேன், ஜூலையில் ரத்தம் பார்த்திருப்பேன். அந்த டிக் என்னை எட்டு மாதம் சும்மா உட்கார வைத்துவிட்டது.

வீட்டில் மனிதர்களும் இருக்கிறோம். இதே புழு கொசுக்கடி வழியாக மனிதருக்கும் வரும், கேரளத்தில் கண்ணின் வெள்ளைப் பகுதியிலிருந்து உயிரோடு எடுத்திருக்கிறார்கள். என் பையன் எட்டாவது படிக்கிறான், இவளைக் கட்டிக்கொண்டுதான் தூங்குவான். இப்போது இருவருக்கும் சேர்த்துக் கொசுவலை.

வெள்ளச்சிக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கும் மாக்சிடெக்டினும் போய்க்கொண்டிருக்கிறது, இன்னும் சில மாதம் ஆகும். விடுதிக்காரர் போன வாரம் கூப்பிட்டு, நான் போட்ட ஒற்றை நட்சத்திர விமர்சனத்தை எடுத்துவிட்டால் 3,600-ஐத் திருப்பித் தருவதாகச் சொன்னார். முடியாது என்றேன். விசாரித்ததில் 5 லட்சத்துக்குள் உள்ள சேவைக்கு மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாதாம், இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்தால் போதுமாம். நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் செய்தால் வழி சொல்கிறார்கள். அட்டை, பில், ஜனவரி 2 அன்று கேட்டில் வெள்ளச்சி என் மேல் தாவும் போட்டோ, மூன்றையும் ஒரே உறையில் போட்டு பீரோவில் வைத்திருக்கிறேன். போட்டோவில் தேதி தெளிவாக விழுந்திருக்கிறது.