ஒரே வரிசையில் மூவர், ஆளுக்கொரு பாதை

2017 ஜூலை 18, நெதர்லாந்தின் தில்பர்க் நகரம். பெண்கள் யூரோ என்னும் ஐரோப்பியக் கால்பந்துப் போட்டியில் ஐஸ்லாந்துக்கு முதல் ஆட்டமே பிரான்சோடு. பின்வரிசையில் மூன்று பேர்: 32 வயது சிஃப் அட்லாதோத்திர், 22 வயது குளோதிஸ் பெர்லா விக்கோஸ்தோத்திர், 19 வயது இங்கிபியோர்க் சிகுர்தார்தோத்திர். 86-ஆவது நிமிடம் வரை பிரான்சால் கோல் போட முடியவில்லை. அப்புறம் ஒரு பெனால்டியில் ஐஸ்லாந்து தோற்றது. ('தோத்திர்' என்றால் மகள். அது குடும்பப் பெயர் இல்லை என்பதால், அந்த ஊர் வழக்கப்படி முதல் பெயரையே சொல்கிறேன்.)

ஒரே சுவராக நின்ற இந்த மூவரும் கிளப் ஆட்டத்தில் போன வழிகள் வேறு வேறு. ஜெர்மனியின் கதவை யார் எப்போது தட்டினார்கள் என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குப் படுகிறது.

சிஃப் முதலிலேயே தட்டினார். அவருடைய அப்பா அட்லி எத்வல்ட்சன் 1983-இல் டுசல்டார்ஃப் அணிக்காக ஜெர்மனியின் முதல்நிலை லீக்கான புந்தஸ்லீகாவில், ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல் போட்டவர். சிஃப் பிறந்ததும் ஜெர்மனியில்தான். 2009 யூரோவுக்குப் பிறகு சார்புரூக்கன் என்ற ஜெர்மன் கிளப்புக்குப் போனார். பலவீனமான அணி, 2011-இல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அதற்குள் சிஃப் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாடுக்கு வந்துவிட்டார். அங்கே அப்போது பயிற்சியாளரும் ஐஸ்லாந்துக்காரரே, எலிசபெத் குன்னார்ஸ்தோத்திர். பத்து ஆண்டுக்கு மேல் அதே கிளப். இடையில் குழந்தை பெற்றுத் திரும்பி வந்துதான் 2017-இல் அந்தப் பிரான்ஸ் ஆட்டத்தை ஆடினார். எல்லைக்கோட்டிலிருந்து அவர் கையால் வீசும் நீளமான பந்து அவருடைய அணிக்குக் கிட்டத்தட்ட ஒரு கார்னர் கிடைத்த மாதிரி. சாம்பியன் பட்டம் தராத கிளப்தான், ஆனால் நிலையான இடம் தந்தது.

குளோதிஸ் அவசரப்படவில்லை. ஐஸ்லாந்து கிளப் ஸ்த்யார்னனிலிருந்து 2015-இல் ஸ்வீடனின் எஸ்கில்ஸ்துனா. அந்த ஆண்டே அணி லீக்கில் இரண்டாம் இடம். 2017 யூரோ முடிந்ததும் அதே ஸ்வீடனின் ரோசன்கார்டு, 2019-இல் லீக் பட்டம். ஸ்வீடனில் மொத்தம் ஆறரை ஆண்டுகள்! இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் அவருடைய வாழ்க்கையில் ஆகப் பெரிய முடிவு இந்தக் காத்திருப்புதான் என்பேன். ரோசன்கார்டு வெறும் தடுப்பு ஆடும் அணி இல்லை. பந்து பெரும்பாலும் அவர்களிடமே இருக்கும், தாக்குதலைத் தொடங்கி வைக்கும் வேலை நடுத் தடுப்பாளருக்கு. ஐஸ்லாந்து அணியில் பந்தை வெளியே அடித்துப் பழகியவருக்கு அது வேறொரு பள்ளிக்கூடம். 2021 சாம்பியன்ஸ் லீக் காலிறுதியில் ரோசன்கார்டைத் தோற்கடித்த ஜெர்மனியின் பாயர்ன் மியூனிக், அந்தக் கோடையிலேயே அவரை எடுத்துக்கொண்டது. பின்பு கேப்டன் ஆனார். 2023, 2024, 2025 என்று தொடர்ந்து மூன்று லீக் பட்டங்கள், 2025-இல் ஜெர்மன் கோப்பையும் சேர்ந்தது. உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதின் 2024 பட்டியலில் 22-ஆம் இடம்.

இங்கிபியோர்க்கின் வழி இரண்டுக்கும் நடுவில். ஐஸ்லாந்தின் பிரைதாப்லிக்கிலிருந்து ஸ்வீடனின் யூர்கார்டன், அப்புறம் நார்வேயின் வோலெரெங்கா. 2020-இல் லீக்கும் கோப்பையும் ஒன்றாகக் கிடைத்தன. இதுவரை சரி. ஆனால் 2024 தொடக்கத்தில் போனது ஜெர்மனியின் டுய்ஸ்பர்க், அந்தப் பருவத்தில் கடைசி இடத்தில் முடிந்து கீழிறங்கிய அணி. சிஃப்புக்கு நடந்ததே கிட்டத்தட்ட மறுபடி. தோற்கும் அணியின் பின்வரிசையில் நிற்பவருக்கு வேலை ஏராளம், பெயர் கிடைப்பதில்லை. அதன்பின் டென்மார்க்கின் பிரோன்பி, 2025-இல் ஃப்ரைபர்க் வழியாக மறுபடி ஜெர்மனி.

ஐஸ்லாந்திலிருந்து கிளம்பும் ஒரு 19 வயதுப் பெண்ணுக்கு நான் குளோதிஸின் வழியைத்தான் சொல்வேன். பெரிய லீக்கின் பலவீனமான அணியைவிட, நடுத்தர லீக்கில் பட்டத்துக்கு மோதும் அணி மேல். குழந்தை, குடும்பம், நம்பும் பயிற்சியாளர் எல்லாம் ஒரே ஊரில் வேண்டுமென்றால் சிஃப்பின் வழி குறைந்ததில்லை.

தேசிய அணியில் மட்டும் கணக்கு வேறு. 2022 யூரோவில் மூவருமே அணியில் இருந்தார்கள். மூன்று ஆட்டமும் டிரா, ஒன்றிலும் தோற்காமல் வெளியேறினார்கள். 2025 யூரோவில் குளோதிஸ்தான் தலைமை தாங்கினார். பின்லாந்தோடு வயிற்றுக் கோளாறால் பாதியில் வெளியேறினார், நார்வேயோடு கடைசி நேரத்தில் பெனால்டி அடித்தார். அந்த ஆட்டம் 3-4. அந்த முறை மூன்று ஆட்டத்திலும் தோல்வி.