சேற்றுழவு டிராக்டரும் மூன்று கேமராக்களும்: பழகுவதற்கு எது?

புகைப்படம் பழக எங்கே போகலாம் என்று கேட்பவர்களை நான் டிராக்டர் ஓடும் வயலுக்கு அனுப்புவேன். டிராக்டரிடம் பூவுக்கும் கோபுரத்துக்கும் இல்லாத ஒரு குணம் உண்டு. போனால் திரும்பி வரும். மூன்று மா வயலில், அதாவது ஏறத்தாழ ஒரு ஏக்கரில், கேஜ்வீல் (சேற்றில் புதையாமல் ஓட உதவும் இரும்புச் சக்கரம்) மாட்டிய வண்டி ஆள் நடக்கும் வேகத்தில்தான் சுற்றும். வரப்பை ஒட்டி ஒரு சுற்று வர நான்கு நிமிடம் ஆகும். படம் கெட்டுப்போனால் ஏன் கெட்டது என்று பார்த்து, ஒரே ஒரு அளவை மாற்றிக்கொண்டு காத்திருக்கலாம். அதே வண்டி, அதே வெளிச்சத்தில், அதே மூலைக்கு வரும். பறவையோ பிள்ளையோ இந்தச் சலுகையைத் தருவதில்லை.

எந்தக் கேமரா நல்லது என்பதையும் அந்த நான்கு நிமிடத்தை வைத்தே பார்க்கிறேன். ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் நடுவில், நான் செய்த தவறு எது என்று அது காட்டுகிறதா? காட்டினால், திருத்தவும் விடுகிறதா?

போட்டியில் இருப்பவை மூன்று. ஒன்று, சட்டைப்பையில் இருக்கும் போன். இரண்டு, பழையதாக வாங்கிய டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கேமரா. என்னிடம் இருப்பது 18-55 மி.மீ. லென்சுடன் கூடிய கேனான் 1500டி. நிக்கான் டி3500-உம் ஏறக்குறைய இதே தரம். இரண்டும் 2018-இல் வந்தவை. மூன்று, லென்சைக் கழற்ற முடியாத நீள்ஜூம் கேமரா. நிக்கான் பி950, கேனான் எஸ்எக்ஸ்70 ஆகியவை இந்த வகை. உறவினர் ஒருவரின் பி950-ஐ இரவல் வாங்கி ஒரு குறுவை முழுக்கத் திருப்பித் தராமல் வைத்திருந்தேன். அந்த மனவருத்தம் தனிக்கதை.

ஓடுகிற வண்டி

மேட்டூரில் தண்ணீர் திறந்து, அது வாய்க்கால்களில் ஏறி எங்கள் பக்கம் வந்ததும் சேற்றுழவு தொடங்கிவிடும். முதல் நாள் நான் செய்தது எல்லாப் புதியவர்களும் செய்வதுதான். ஓடுகிற பொருளுக்கு வேகமான ஷட்டர் வேண்டும் என்று எங்கோ படித்திருந்ததால் டிஎஸ்எல்ஆரில் 1/2000 வினாடி வைத்தேன். படங்கள் கத்தி போலக் கூர்மை. தெறித்த சேற்றின் ஒவ்வொரு துளியும் காற்றில் தொங்கியது. பெருமையுடன் ஓட்டுநர் அண்ணனிடம் காட்டினேன். அவர் திரையை ஒரு முறை பார்த்துவிட்டு, "என்ன தம்பி, வண்டியை நிறுத்திவைத்து எடுத்த மாதிரி இருக்கிறதே?" என்றார். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் இதுவரை கேட்டதில்லை.

கணக்கு இதுதான். மணிக்கு 4 கிலோமீட்டர் என்றால் வினாடிக்கு 1.1 மீட்டர். 1/2000 வினாடியில் வண்டி நகரும் தூரம் அரை மில்லிமீட்டர். சக்கரம் நிற்பதாகத் தெரிவதில் வியப்பில்லை. தார்ச்சாலையில் மணிக்கு 25 கிலோமீட்டரில் போகும் டிராக்டருக்கு 1/60 வைத்து, வண்டியோடு சேர்த்துக் கேமராவையும் திருப்பினால் சக்கரம் பதினோரு சென்டிமீட்டர் ஓடியிருக்கும், சுழற்சி தெரியும். சேற்றில் அதே 1/60 போதாது, இரண்டு சென்டிமீட்டர்கூடத் தேறாது. 1/15 வரை இறங்க வேண்டும். அப்போது ஏழு சென்டிமீட்டர். கேஜ்வீலின் இரும்புப் பட்டைகள் கரைந்து ஒன்றோடொன்று கலக்கின்றன, போனெட் மட்டும் தெளிவாக நிற்கிறது. பத்துப் படம் எடுத்தால் ஒன்று தேறும், ஏனென்றால் சேற்றில் வண்டி மேலும் கீழும் குலுங்குகிறது. அந்த ஒன்று போதும்.

மூன்று கேமராக்களும் பிரிவது இந்த 1/15-இல்தான். ஷட்டர் அவ்வளவு நேரம் திறந்திருந்தால் வெளிச்சம் கொட்டும். லென்சுக்குள் வெளிச்சம் நுழையும் துளையைச் சுருக்கி அதைத் தடுக்கலாம். எஃப் எண் கூடக்கூடத் துளை சிறியது. டிஎஸ்எல்ஆர் லென்சை எஃப் 22 வரை சுருக்கலாம். காலை ஏழு மணிக்குள் அல்லது மேகம் மூடிய நாளில் 1/15 தாராளமாகக் கிடைக்கும். பி950-இன் துளை எஃப் 8-க்கு மேல் சுருங்காது. ஆகவே சூரியன் எழுந்த சிறிது நேரம் மட்டும் தாக்குப்பிடிக்கும், பிறகு வானம் வெளுத்துவிடும். பெரும்பாலான போன்களில் துளை எஃப் 1.8 போல ஒரே அளவில் நிலைத்திருக்கிறது, மாற்ற வழியே இல்லை. நல்ல வெயிலில் அது 1/4000, 1/8000 என்று ஓடினால்தான் படம் சரியாக வரும். ‘புரோ’ பகுதிக்குள் போய் 1/15 வைத்தால் வெறும் வெள்ளைத்தாள். தீர்வு என்றால் லென்சின் முன் கறுப்புக் கண்ணாடி வடிகட்டி ஒட்டவேண்டும்.

சில போன்கள் இதற்குக் குறுக்குவழி வைத்திருக்கின்றன. 2021-இல் வந்த கூகுள் பிக்சல் 6-இல், நகரும் பொருளைத் தெளிவாக வைத்துப் பின்னணியைத் தானே கலைத்துக் காட்டும் வசதி இருந்தது. படம் பார்க்க அழகாகவே இருக்கிறது. ஆனால் வேகம், துளை, கை மூன்றும் என்ன செய்தன என்பது உங்களுக்கும் தெரியாது, படத்துக்கும் தெரியாது.

போனின் இன்னொரு தொல்லை, அது ஒரு படத்தை எடுப்பதே இல்லை. பல படங்களை எடுத்து ஒன்றாக ஒட்டுகிறது. நிற்கும் வண்டிக்கு அது வரம். உச்சி வெயிலில் மேற்கூரை நிழலுக்குள் இருக்கும் ஓட்டுநரின் முகமும், பின்னால் இருக்கும் வானமும் ஒரே படத்தில் சரியாகக் கிடைப்பது போனில்தான். டிஎஸ்எல்ஆரில் அதற்கு ரா கோப்பும் (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) கணினியும் அரை மணி நேரமும் வேண்டும். தெறிக்கும் சேற்றில் மட்டும் அந்த ஒட்டுவேலை பல்லிளிக்கும்; துளிகள் இரட்டையாகவோ இழுபட்ட சாயலாகவோ விழும். ‘போர்ட்ரெய்ட்’ போட்டு எடுத்த ஒரு படத்தில் போனெட்டுக்கு மேல் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாயின் மேல்பாதியைப் பின்னணி என்று நினைத்து மங்கலாக்கிவிட்டது. பாதிப் புகைக்குழாயோடு அந்த வண்டி இன்னும் என் போனில் இருக்கிறது.

சிவப்பு வண்டிகள் தனிப் பாடம். மகிந்திராவும் மாசே பெர்குசனும் நம் வயல்களில் நிறைய ஓடுகின்றன; இரண்டின் போனெட்டும் சிவப்பு. காலை வெயில் நேராக விழும்போது படம் மொத்தத்தில் சரியாக இருப்பதாகத் தோன்றும், ஆனால் சிவப்பு மட்டும் நிரம்பி வழிந்து, தகட்டின் வளைவுகளெல்லாம் மறைந்து, பிளாஸ்டிக் பொம்மையாகிவிடும். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி வெளிச்ச வரைபடம் (ஹிஸ்டோகிராம்) காட்டும் கேமராவில் இதை உடனே பிடித்துவிடலாம். 1500டி காட்டும். என் போன் காட்டாது.

கொக்கு

டிராக்டரின் பின்னால் கத்திகள் சுழலும் ரோட்டவேட்டர் புரட்டும் சேற்றில் தவளையும் பூச்சியும் மேலே வர, பின்னாலேயே உண்ணிக்கொக்குகள் நடக்கும். நடுவில் ஒன்றிரண்டு மடையான்கள். வண்டிச் சத்தத்துக்கு அவை அசைவதில்லை, வரப்பில் ஆள் நடந்தால் பறந்துவிடும். நாம் ஒரே இடத்தில் உட்கார்ந்து வண்டி அவற்றைக் கூட்டிவரக் காத்திருப்பதுதான் வழி. மட்கார்டில் ஏறி உட்கார்ந்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். ஊரில் எல்லோரும் உட்காருகிறார்கள் என்பது உண்மை. அவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்காருகிறார்கள், பின்னால் கத்திகள் சுழல்கின்றன.

இங்கே நீள்ஜூம் கேமராவுக்கு எதிரே மற்ற இரண்டும் நிற்கவே முடியாது. எண் கூடக்கூடத் தொலைவில் இருப்பது பெரிதாகத் தெரியும்; பி950-இன் எட்டும் தூரம், 35 மி.மீ. பிலிம் கேமரா கணக்கில், 24 முதல் 2000 மி.மீ. வரை, எஸ்எக்ஸ்70 1365 வரை. 1500டி-யில் 55-250 லென்ஸ் மாட்டினாலும் அதே கணக்கில் 400தான். கொக்கின் அலகில் தவளையின் கால் துடிப்பதை நான் முதலில் பார்த்தது பி950-இன் கண்துளையில்தான். பறக்கும் பறவையை அந்த நீளத்தில் தேடிப் பிடிப்பது கிணற்றுக்குள் விழுந்த ஊசியைத் தேடுவதுதான். அதற்காகவே லென்சின் பக்கவாட்டில் ஒரு பொத்தான் வைத்திருக்கிறார்கள்; அழுத்தினால் ஜூம் சற்றுப் பின்வாங்கும், விட்டால் பழைய இடத்துக்கே வரும். ஆனால் காலை ஒன்பது மணிக்கு மேல் சேற்றிலிருந்து ஆவி எழும்பத் தொடங்கினால் 1500 மி.மீ.-இல் எல்லாமே நெளியும். அதற்கு எந்த விலையிலும் லென்ஸ் இல்லை, சீக்கிரம் எழுந்திருப்பதுதான்.

கொக்கு கற்றுத்தரும் பாடம் தூரத்தைப் பற்றியது மட்டுமல்ல. கறுத்த சேறு படத்தை நிறைக்கும்போது கேமரா அதை இருட்டு என்று நினைத்து வெளிச்சத்தைக் கூட்டும். கொக்கு இறகே இல்லாத வெள்ளைத் துண்டாகிவிடும். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வைத்தால் இறகு திரும்ப வரும். டிஎஸ்எல்ஆரில் எடுத்த படத்தைப் பார்க்கும்போது வெளுத்த இடங்கள் கறுப்பாகச் சிமிட்டும். தவறு எங்கே என்று விரல் நீட்டிக் காட்டுவது போல. நீள்ஜூமில் ஒளியை வாங்கும் சென்சார் 1500டி-யின் சென்சாரில் பன்னிரண்டில் ஒரு பங்குதான். வெளுத்துப்போனதை மீட்க அதில் இடம் குறைவு. 2015-இல் வந்த பி900-இல் ரா கோப்பே கிடையாது. பழையதாக அது விலைக்கு வந்தால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடவு

நடவு வயலில் போனுக்குத்தான் முதலிடம். பெரிய கேமராவைத் தூக்கியதும் குனிந்திருந்த அத்தனை பேரும் நிமிர்ந்து வரிசையாக நின்றுவிடுகிறார்கள். "எந்த டிவி?" என்று ஒரு குரல் வரும். போனை எடுத்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. முன்பே கேட்டுவிட்டு, எடுத்ததைக் காட்டிவிட்டு, வரப்போரம் குந்தி உட்கார்ந்து முழங்கால் உயரத்தில் போனைப் பிடித்தால், நாற்று முடிச்சை அவிழ்க்கும் கையும் பின்னால் நீளும் வரிசையும் ஒன்றாக வரும். எதை உள்ளே விடுவது, எதை வெளியே தள்ளுவது என்பதைக் கற்க இதுவே போதும். ஜூமை மட்டும் தொடாமல், காலால் கிட்டப் போக வேண்டும்.

அந்த ஓட்டுநர் அண்ணனுக்கு 1/15-இல் எடுத்ததில் தேறிய படத்தை அனுப்பினேன். நன்றாக இருக்கிறது என்றார். அவர் வாட்ஸ்அப் முகப்பில் வைத்துக்கொண்டது ஆயுத பூஜை அன்று மாலை போட்ட வண்டிக்குப் பக்கத்தில் அவர் நிற்க, நான் போனில் எடுத்தது. வண்டி நிறுத்தித்தான் இருந்தது.

சுணை

தை மாதம் அறுவடை. பெல்ட் போட்ட அறுவடை மிஷின் ஓடும்போது எழும் நெல் சுணை உடம்பை மட்டுமல்ல, கேமராவையும் அரிக்கும். சாயங்கால வெயிலை எதிரே வைத்து எடுத்தால் அந்தத் தூசியே பொன்னாகத் தெரிவதால் போகாமலும் இருக்க முடியாது. போன் என்றால் துடைத்துவிட்டு நடக்கலாம். டிஎஸ்எல்ஆரில் வயலில் நின்று லென்ஸ் மாற்றுவது கூடவே கூடாது. நான் ஒரு முறை மாற்றினேன். அன்றிலிருந்து எஃப் 16 வைத்த ஒவ்வொரு வானத்திலும் மூன்று புள்ளிகள். ரப்பர் பந்தால் காற்று ஊதி இரண்டை அகற்றினேன். நீள்ஜூமில் லென்சே கழலாது என்பதால் பாதுகாப்பு என்று தோன்றும். உண்மையில் குழாய் நீளும்போதும் சுருங்கும்போதும் காற்றை உள்ளிழுக்கிறது. தூசி உள்ளே போய்விட்டால் நாம் கைவைக்க முடியாது, பழுதுபார்க்கும் கடைதான். தோளில் கிடக்கும் துண்டால் எந்த லென்சையும் துடைக்க வேண்டாம், அதில் ஏற்கெனவே பாதி வயல் இருக்கிறது.

எதை வாங்குவது

பழகுவதற்கு என்றால் என் ஓட்டு பழைய டிஎஸ்எல்ஆருக்கு, அதுவும் 18-55 லென்ஸ் ஒன்றோடு மட்டும். அளவுகளை மாற்றும் அதன் சக்கரங்களைச் சுழற்றிப் பார்க்க அது விடுகிறது, தவறினால் காட்டுகிறது. பறவை மட்டுமே ஆசை என்பவர்கள் ரா கோப்பு தரும் நீள்ஜூமுக்கு நேராகப் போகலாம். மனிதர்கள் மட்டுமே என்றால் புதிதாக எதையும் வாங்க வேண்டாம்.

மிரர்லெஸ், அதாவது உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா? 2023-இல் வந்த கேனான் ஆர்50 போன்றவற்றில் படம் எவ்வளவு வெளிச்சமாக வரும் என்பது எடுக்கும் முன்பே கண்துளையில் தெரிந்துவிடும். பணம் இருந்தால் தாராளமாக வாங்கலாம். எனக்கோ, தெரியாமல் ஊகித்து, எடுத்துப் பார்த்து, தலையில் அடித்துக்கொண்டு அடுத்த சுற்றுக்குக் காத்திருந்ததில்தான் அளவுகள் மனதில் பதிந்தன. இது பழைய ஆளின் பிடிவாதமாகவும் இருக்கலாம்.

கேனானும் நிக்கானும் கடைசியாக டிஎஸ்எல்ஆர் வெளியிட்டது 2020-இல். எல்லோரும் மிரர்லெசுக்கு மாறுவதால் பழையவை நிறையவே விலைக்கு வருகின்றன. வாங்கும்போது இரண்டைப் பாருங்கள். ஷட்டர் எத்தனை முறை அடித்திருக்கிறது என்பது ஒன்று. டி3500 ஒரு லட்சம் முறைக்குச் சோதிக்கப்பட்டது, அந்தக் கணக்கோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம். இன்னொன்று பூஞ்சை. லென்சைக் கழற்றி, துளையை முழுதாகத் திறந்து, ஒரு பக்கம் டார்ச் அடித்து மறுபக்கம் சாய்வாகப் பாருங்கள். சிலந்தி வலை போல மெல்லிய கிளைகள் தெரிந்தால் கீழே வைத்துவிட்டு வந்துவிடலாம். நான் கடைக்காரரின் வார்த்தையை நம்பி டார்ச் இல்லாமல் வாங்கிய 55-250 இன்னும் அலமாரியில் இருக்கிறது, மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா பொட்டலங்களோடு, காலம் கடந்த பாதுகாப்பில்.