காரைக்குடியில் எழுதிய முதல் நாவல்: யாரிடம் கொடுப்பது?

வானதி பதிப்பகத் திருநாவுக்கரசு தேவகோட்டைக்காரர். சக்தி காரியாலயம் என்ற பதிப்பகம் நடத்திய வை. கோவிந்தன் ராயவரத்துக்காரர். தமிழ்ப் பதிப்புத் தொழிலில் செட்டிநாட்டாருக்குப் பெரிய பங்கு உண்டு, ஆனால் கடை விரித்ததெல்லாம் சென்னையில். அதனால் இங்கே உட்கார்ந்து எழுதுபவரும் முதலில் சென்னையைத்தான் பார்க்கிறார்.

அங்கே பெரிய தொல்லை, பதிலே வராது. பிடிக்கவில்லை என்று ஒரு வரி எழுதினால்கூடப் போதும், அதுவும் வராது. போன் செய்தால் "ஜனவரி புத்தகக் கண்காட்சி முடியட்டும் சார்" என்பார்கள். எடுத்துக்கொண்டாலும் ராயல்டி வழக்கமாக 10 சதவீதம்தான். 200 ரூபாய்ப் புத்தகம் 300 பிரதி விற்றால் 6,000 ரூபாய், அதையும் கேட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும். ஆனாலும் மெய்ப்புப் பார்ப்பது, கடைகளுக்கு அனுப்புவது, அரசு நூலகங்கள் வாங்குவதற்கான ஆணைக்கு விண்ணப்பிப்பது எல்லாம் அவர்கள் தலைவலி.

பணம் வாங்கிக்கொண்டு புத்தகம் போடுகிறவர்கள் மறுநாளே பதில் போடுவார்கள். "அருமையான நடை" என்பார்கள். படிக்க நேரம் ஏது என்று நாம் கேட்பதில்லை, காது குளிர்ந்துவிடுகிறது. அப்புறம் பேக்கேஜ், ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணுக்குத் தனிக் கட்டணம். நம் நாட்டில் அரசு நிறுவனம் அந்த எண்ணை இலவசமாகவே தருகிறது. எத்தனை பிரதி அச்சானது என்பது அவர்களுக்கே வெளிச்சம். கைக்காசு போடத் துணிந்துவிட்டால் அதை நேரே அச்சகத்தில் கொடுங்கள், இவர்களிடம் வேண்டாம்.

அச்சகத்தில் கணக்கு ஃபாரத்தில் ஓடும். ஒரு ஃபாரம் 16 பக்கம். 160 பக்கம் என்றால் 10 ஃபாரம். 163 ஆகிவிட்டால் அந்த மூன்று பக்கத்துக்காகச் செலவு ஏறும். முன்னுரையைக் குறைத்தாலே தீர்ந்துவிடும் (நண்பர் எழுதிய முன்னுரை என்றால் கொஞ்சம் சங்கடம்). கடைக்காரர் 35, 40 சதவீதம் கழிவு கேட்பார், பணம் மெதுவாக வரும். விற்காத புத்தகக் கட்டுகள் வீட்டின் இரண்டாம் கட்டில் அடுக்கியிருக்க, ராமபாணப் பூச்சிதான் முதல் வாசகர். மணிவிழாவுக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்தால் ஒரே நாளில் தீரும், யார் படித்தார்கள் என்று மட்டும் கேட்கக் கூடாது.

சொந்தமாகப் போடும் ஆசை புதிதல்ல. 1919இல் காரைக்குடி இந்து மதாபிமான சங்கத்துக்கு வந்துபோன பாரதி, மறு ஆண்டு தன் எழுத்தை 40 நூல்களாக, தலா 10,000 பிரதி அச்சிட நண்பர்களிடம் கடன் கேட்டுக் கடிதம் எழுதினார், மாதம் 2 சதவீத வட்டி தருவதாக. திட்டம் கைகூடவில்லை.

அமேசானின் மின்னூல் தளமான கிண்டிலில் அச்சுச் செலவே இல்லை. ராயல்டி 35 அல்லது 70 சதவீதம். இந்தியாவில் 70 வேண்டுமென்றால் அவர்களுடைய கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும். 90 நாள் அந்த மின்னூலை வேறெங்கும் தரக் கூடாது. வாசகர் கிடைப்பார்கள். ஆனால் ஊர் நூலகத்தில் அது இருக்காது, அப்பத்தா கையிலும் கொடுக்க முடியாது.

நாவல் என்றால் ஒரு வருடம் சென்னைக்காகக் காத்திருக்கலாம். கவிதைக்குக் காத்திருக்க வேண்டாம். தேவைக்கு அச்சிடும் முறையில் 50 பிரதி மட்டும் போட்டு, தீர்ந்த பிறகு அடுத்த 50 போடுங்கள்.