பையை வேனில் போடுவதா, சைக்கிளில் கட்டுவதா?

நிதி திரட்டும் நோக்கத்தோடு பல நாள் சைக்கிள் பயணம் கிளம்பும் குழுக்கள், எந்த வழியாகப் போவது, ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவது என்பதையெல்லாம் வாரக்கணக்கில் பேசுகின்றன. உடைமைகளை யார் சுமப்பது என்ற கேள்விக்கோ கடைசிக் கூட்டத்தில் ஐந்து நிமிடம் கிடைத்தால் அதிகம். எல்லோருடைய பைகளையும் ஏற்றிக்கொண்டு ஒரு வேன் உடன் வருவது ஒரு முறை. அவரவர் சுமையை அவரவர் சைக்கிளின் கேரியரில் கட்டிக்கொள்வது மற்றொரு முறை. இரண்டு முறையிலும் ஓட்டியிருக்கிறேன். பாரம் குறையும் என்ற கணக்கை மட்டும் வைத்தே பலரும் வேனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்த வேன் பதிலுக்கு எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொள்கிறது என்பது மூன்றாம் நாள்தான் உறைக்கிறது.

பாரக் கணக்கு பொய்யில்லை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடலாம். 75 கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோ சைக்கிளில் ஏறினால் மொத்தம் 85 கிலோ. கூடாரம், படுக்கை உறை, மாற்றுடை, கருவிகள், தண்ணீர் என்று 18 கிலோ சேர்ந்தால் அது 103 கிலோவாகிறது. ஐந்தில் ஒரு பங்குக்கும் சற்று மேலான கூடுதல் இது. ஏற்றத்தில் உழைப்பின் பெரும்பகுதி எடையைத் தூக்குவதற்கே போய்விடுவதால், அதே வலுவோடு மிதிப்பவருக்கு ஒரு மணி நேர ஏற்றம் ஏறத்தாழ ஒரு மணி பன்னிரண்டு நிமிடமாக நீளும். சமதளத்தில் எடை அவ்வளவாகத் தெரியாது. அங்கே எதிரி காற்றுதான். அதிலும் வேன் குழுவுக்கு ஒரு சலுகை உண்டு. பாரமில்லாத சைக்கிள்கள் ஒன்றன்பின் ஒன்றாக நெருங்கி ஓட முடியும் என்பதால், முன்னே செல்பவரின் முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொள்பவருக்குக் கால்வாசி உழைப்பாவது மிச்சமாகும். பக்கவாட்டில் பைகள் தொங்கும் சைக்கிள் நினைத்த இடத்தில் நிற்காது, நினைத்தபடி விலகாது. இடைவெளியைக் கூட்டித்தான் ஓட்ட வேண்டும், இடைவெளி கூடினால் அந்தக் காற்றுமறைவும் போய்விடும்.

இனி நேரக் கணக்கு. வேன் குழுவில் ஐந்தரைக்குள் எல்லாப் பைகளும் வேனின் பின்கதவருகே வந்துவிட வேண்டும் என்று ஒரு விதி இருக்கும். இருபது பேரில் ஒருவர் கூடாரத்துக்குள் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தால், மற்றப் பத்தொன்பது பேரும் ஹெல்மெட்டை மாட்டியபடி நின்றுகொண்டிருப்பார்கள். அடியில் வைக்க வேண்டிய பை கடைசியில் வரும். எல்லாவற்றையும் இறக்கி மறுபடி அடுக்குவார்கள். மாலையிலும் இதே கதைதான்: தங்குமிடத்துக்கு முதலில் வந்து சேர்ந்தவர், வேன் கடைசி ஆளுக்குத் துணையாகப் பின்னால் ஊர்ந்து வருவதால், வியர்வை உடம்போடு மாற்றுத்துணிக்காக ஒன்றரை மணி நேரம் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார். பையைத் தானே சுமப்பவர் வந்ததும் குளித்துவிடுவார். அவருக்குக் காலையில் கட்டுவதற்கு அரை மணி நேரம் கூடுதலாகப் பிடிக்கும் என்பதும், பனியில் நனைந்த கூடாரத்தை ஈரத்தோடு சுருட்டித் தன் தலையிலேயே ஏற்றிக்கொள்கிறார் என்பதும் உண்மைதான். ஆனால் அந்த அரை மணி நேரம் அவருடையது, யாருக்காகவும் காத்திருந்து போக்கியதல்ல.

பழுது என்று வரும்போது தராசு வேன் பக்கம் சாய்கிறது. சுமை ஏற்றிய சைக்கிளில் முதலில் கைவிடுவது பின்சக்கரக் கம்பிதான், அதிலும் பெரும்பாலும் பல்சக்கரம் இருக்கும் வலப்பக்கத்துக் கம்பி. பல்சக்கரத்துக்கு இடம் விடுவதற்காக அந்தப் பக்கத்துக் கம்பிகள் நிமிர்ந்து நிற்கின்றன. சக்கரம் நடுவில் நிற்பதற்காக அவற்றை மறுபக்கத்தைவிட அதிகமாக முறுக்கியிருப்பார்கள். ஒரு பயணத்தில் எனக்கு அது மாலை நான்கு மணிக்கு ஒடிந்தது. டப்பென்று ஒரு சின்னச் சத்தம். அடுத்த சுற்றிலிருந்து ரிம் பிரேக் கட்டையை உரசத் தொடங்கியது. கம்பியை மாற்றுவதற்குப் பல்சக்கரத்தையே கழற்ற வேண்டும், அதற்குரிய கருவி எங்கள் ஆறு பேரில் ஒருவரிடமும் இல்லை. பிரேக்கைத் தளர்த்திவிட்டு, பக்கத்துக் கம்பிகளைத் திருகி முடிந்தவரை கோட்டம் எடுத்து, என் பைகளை ஐவருக்கும் பிரித்துக் கொடுத்து, இருட்டிய பிறகு போய்ச் சேர்ந்தோம். வேன் இருந்திருந்தால் அதிலிருந்து மாற்றுச் சக்கரத்தை எடுத்து மாட்டிப் பத்து நிமிடத்தில் கிளம்பியிருப்போம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவற்றுக்கும் இதே நியாயம்தான்; வேனில் ஒரு நாள் உட்கார்ந்து வந்தவர் மறுநாள் ஓட்டுவார், வேன் இல்லாத குழுவில் அவர் வீட்டுக்குப் போவார்.

துணி விஷயம் சிறியதாகத் தோன்றும், ஆனால் சிறியதன்று. உட்புறம் மெத்தை தைத்த சைக்கிள் கால்சட்டையை உள்ளாடையின்றி அணிவதால் தினமும் துவைத்தே ஆக வேண்டும். தவறினால் நான்காம் நாள் சீட்டில் உட்கார முடியாத புண் வரும். வேன் குழுவினர் நான்கைந்து கால்சட்டைகள் கொண்டுவருவார்கள். சுமப்பவரிடம் இரண்டுதான் இருக்கும். பிழிந்ததை உலர்ந்த துண்டில் சுருட்டி, மேலே ஏறி மிதித்து ஈரத்தை எடுத்தும் காலையில் மெத்தை சில்லென்றுதான் இருக்கும்.

இவையெல்லாம் எந்தச் சைக்கிள் பயணத்துக்கும் பொருந்தும். நன்கொடைப் பயணத்துக்கென்றே உள்ள கேள்வி, எரிபொருளுக்கும் ஓட்டுநரின் சாப்பாட்டுக்கும் காப்பீட்டுக்கும் யார் பணம் தருவது என்பதாகும். ஓட்டுபவர்கள் தனிக் கட்டணமாகத் தந்தால் குறையில்லை. கொடையாளர் தந்ததிலிருந்து கழித்தால், கேட்பவருக்கு நேராகக் கணக்குச் சொல்லும் துணிவு வேண்டும். பெரிய பயணங்களுக்கே இது சுமைதான். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை 7 நாளில் 545 மைல், அதாவது ஏறத்தாழ 877 கிலோமீட்டர் ஓடிய எய்ட்ஸ்/லைஃப்சைக்கிள் என்ற நன்கொடைப் பயணத்தில் உடைமைகள் லாரிகளில் போயின, தொண்டர் படையே உடன் சென்றது. 2025இல் அதை நிறுத்தியபோது, ஏறிய செலவையும் குறைந்த பங்கேற்பையும் அமைப்பாளர்கள் காரணமாகச் சொன்னார்கள்.

பேச்சு என்று ஒன்றும் இருக்கிறது. பைகள் தொங்கும் சைக்கிளை ஓரமாக நிறுத்தினால், எங்கிருந்து வருகிறீர்கள், எதற்காக என்று யாராவது தாமாகவே வந்து கேட்பார்கள். நோக்கத்தைச் சொல்ல அதைவிட நல்ல தொடக்கம் வாய்க்காது. பதாகை கட்டிய வேனைப் பார்ப்பவர்கள் பதாகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். ஆனால் மாலையில் ஒரு பள்ளியிலோ மன்றத்திலோ அரை மணி நேரம் நின்று பேச வேண்டுமென்றால், பகலெல்லாம் 18 கிலோ இழுத்தவரைவிட வேன் குழுவைச் சேர்ந்தவரே தெளிவாகப் பேசுவார்.

ஆகவே என் தேர்வு ஆட்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எட்டுப் பேருக்கு உட்பட்ட, ஒரே வேகத்தில் ஓட்டப் பழகிய குழு, ஒரு வாரத்துக்குள் முடியும் பயணத்துக்கு, சுமையைத் தானே கட்டிக்கொள்வது நல்லது. கம்பி மாற்றும் கருவியை மட்டும் மறக்கக் கூடாது. அதற்கு மேற்பட்ட குழுவும், முதன்முறை ஓட்டுபவர்கள் இருக்கும் எந்தக் குழுவும் வேனோடுதான் போக வேண்டும். அந்த வேனையும் சைக்கிள் ஓட்டுபவர்களே நாளுக்கொருவராக முறைவைத்து ஓட்டட்டும். ஒரு நாள் வேனில் உட்கார்ந்து கடைசி ஆளுக்காகக் காத்திருந்தவர் மறுநாள் காலையில் தன் பையை முதல் ஆளாகக் கொண்டுவந்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். பையை வேனில் போட்டவர்களும் இரண்டு ட்யூப், பம்பு, மழைக்கோட்டு, ஒரு வேளைக்கான தின்பண்டம் ஆகியவற்றைச் சைக்கிளிலேயே வைத்துக்கொள்வது அவசியம், ஏனென்றால் மழை பிடிக்கும் நேரத்தில் வேன் இருபது கிலோமீட்டர் பின்னால் இருக்கும்.