பழைய டி3 கேம்பருக்கு எந்த இன்ஜின்?

ஃபோக்ஸ்வாகன் டி3, அமெரிக்காவில் வேனகன் என்று விற்ற வண்டி, 1979இல் வந்தது. உள்ளே படுக்கையும் அடுப்புமாக இன்னும் நிறைய டி3 வேன்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. பல வண்டிகளில் முதலில் தகராறு செய்வது பின்னால் இருக்கும் இன்ஜின். வேறு இன்ஜின் போடலாம் என்றதும் எல்லோரும் குதிரைத்திறனைத்தான் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் அதைக் கடைசியில் பார்த்தால் போதும். தண்ணீர்க் குழாய், கியர்பாக்ஸ், ஒயரிங், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பவைதான் காசையும் மாதங்களையும் விழுங்குபவை.

முதலில் பழைய வாட்டர்பாக்ஸரையே, அதாவது தண்ணீரால் குளிரும், சிலிண்டர்கள் இருபுறமும் படுத்திருக்கும் பாக்ஸர் இன்ஜினையே, சரிசெய்வதைப் பார்ப்போம். 1.9 லிட்டர் கார்புரேட்டர் வகையில் 78 குதிரைத்திறன், பின்னால் வந்த 2.1இல் வகையைப் பொறுத்து 112 வரை. மலைச் சாலையில் இரண்டாவது கியரில் லாரிக்குப் பின்னால் ஊர வேண்டியதுதான். சிலிண்டரின் மூடியான ஹெட்டில் கசியாமல் அடைக்கும் கேஸ்கட் கெட்டு, ‘ஹெட் கேஸ்கட் போயிடுச்சு’ என்ற பழி இதன் மேல் எப்போதும் உண்டு. ஆனால் இதில் சிலிண்டருக்குள் எரியும் வாயுவை அடைப்பது ஓர் உலோக வளையம், தண்ணீரை அடைப்பது வெளியே உள்ள ரப்பர் கேஸ்கட். பெரும்பாலும் கசிவது ரப்பர் பக்கம். கூலன்ட் சரியில்லாமல் ஹெட்டின் அலுமினிய முகம் அரித்துக் குழி விழுவதால் வருவது. கீழே சொட்டும்போதே கவனித்தால் ஹெட்டோடு வேலை முடிந்துவிடும். கிராங்க் (சுழலும் தண்டு) பக்கம் நன்றாக இருந்து, அவசரமில்லாமல் ஓட்டுபவராக இருந்தால், இதையே வைத்துக்கொள்வது கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அடுத்தது சுபாரு கார்களில் வந்த 2.2 லிட்டர் இன்ஜின், ஈஜே22. மாற்றுபவர்களில் ஏராளமானோர் போகும் வழி இது, காரணமும் இருக்கிறது. இதுவும் நான்கு சிலிண்டர் பாக்ஸர்தான், அதனால் மெத்தைக்கு அடியில் உள்ள தட்டையான இடத்தில் உட்கார்ந்துவிடும். 130 குதிரைத்திறனை ஒட்டிக் கிடைக்கும். வேனின் கியர்பாக்ஸோடு பொருத்தும் அடாப்டர் தட்டு ஆயத்தமாகவே விற்கிறது. தொல்லை அதற்கப்புறம் ஆரம்பிக்கிறது. காரில் இந்த இன்ஜின் முன்னால் இருக்கும், ரேடியேட்டரும் அதன் முகத்துக்கு எதிரே. வேனில் அந்த முகம் பின் பம்பரைப் பார்க்கிறது, ரேடியேட்டரோ வண்டியின் மறுகோடியில். தண்ணீர்க் குழாய் வாயைத் திருப்பிவைக்கும் மேனிஃபோல்டு வேண்டும். சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டும் தண்ணீர் திரும்பி வரும் பக்கத்தில் இருப்பதால், ஹீட்டர் சுற்றில் சூடான தண்ணீர் வந்து அதைத் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அந்தச் சுற்றை அடைத்துவிட்டால், முன்னாலிருந்து குளிர்ந்த தண்ணீர் வரும்போதெல்லாம் தெர்மோஸ்டாட் மூடித் திறந்து, வெப்பமானி முள் ஏறி இறங்கும். ‘இன்ஜின் சரியில்லை’ என்று குறை சொல்பவர்களில் பாதிப்பேர் இங்கேதான் கோட்டை விட்டிருப்பார்கள் என்பது என் ஊகம்.

சுபாருவின் ஆயில் பேன் (அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கீழே தொங்கும். வெட்டிக் குறைத்தால் உறிஞ்சு குழாயையும் சேர்த்துக் குறைக்க வேண்டும். ஒயரிங்கில் தேவையற்றதை உருவி எடுப்பது பொறுமைசாலிகளின் வேலை; வேக சென்சார் சிக்னலை மறந்துவிட்டால் இன்ஜினின் கணினியான இசியூ முணுமுணுக்கும். கூடுதல் சக்திக்கு ஆசைப்பட்டு 2.5 லிட்டர் ஈஜே25 வாங்குபவர்கள் கவனிக்க: ஹெட் கேஸ்கட் தொல்லையிலிருந்து தப்பித்து, அதே பேர் வாங்கிய இன்னொரு இன்ஜினுக்குப் போகிறீர்கள்.

டீசல் பிரியர்களுக்கு ஃபோக்ஸ்வாகனின் 1.9 லிட்டர் டர்போ டீசல், டிடிஐ. 90 அல்லது 110 குதிரைத்திறன்தான், ஆனால் 2,000 சுற்றுக்கு அருகிலேயே இழுவை முழுதாக வந்துவிடும். சிக்கனத்தில் மற்ற இரண்டும் கிட்டவே வராது. சிக்கல் உயரம். கம்பெனியே டீசல் போட்ட டி3இல் இன்ஜினை 50 டிகிரி சாய்த்துத்தான் படுக்கவைத்தது. அந்த வண்டியின் பெல்ஹவுசிங் (இன்ஜினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு), தாங்கிகள், ஆயில் பேன் கிடைத்தால் நிம்மதி. கிடைக்காமல் நிமிர்த்தி வைத்தால் இன்ஜினுக்கு மேலுள்ள மூடியை உயர்த்த வேண்டும், அப்புறம் மேடு விழுந்த படுக்கையில் தூங்கிப் பழக வேண்டும். பெட்ரோல் வண்டியின் கியர் விகிதத்தோடு நெடுஞ்சாலையில் போனால் டீசல் எந்நேரமும் அலறிக்கொண்டிருக்கும், ஆகவே இன்ஜின் சுற்றைக் குறைக்கும் நீளமான நான்காவது கியர் அவசியம். வயதான கியர்பாக்ஸ் இந்த இழுவையைத் தாங்குமா என்பதையும் பிரித்துப் பார்த்தபின் முடிவு செய்வது நல்லது.

தென்னாப்பிரிக்காவில் 2002 வரை டி3 தயாரானது. கடைசிக் காலத்தில் ஆடியின் ஐந்து சிலிண்டர் இன்ஜின் வந்தது. அந்தப் பாகங்கள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் மட்டும் யோசிக்கலாம். மின்சார மாற்றம் ஊருக்குள் சுகம். சுவர் மாதிரி முகம் கொண்ட வண்டி காற்றைக் கிழித்துக்கொண்டு போக மின்கலம் வேகமாகக் கரையும், எனவே தொலைதூரக்காரர்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

நான் தேர்ந்தெடுப்பதென்றால் ஈஜே22, அதுவும் 1996க்கு முந்தையது. டைமிங் பெல்ட் அறுந்தாலும் வால்வும் பிஸ்டனும் மோதாத வகை அது. இன்ஜினை மட்டும் வாங்காமல், ஓடுகிற நிலையில் முழுக் காரையே வாங்குங்கள். ஒயரிங், இசியூ, சென்சார் எல்லாம் ஒரே வண்டியிலிருந்து வரும். ஆனால் பணம் கொடுக்கும் முன்பு பதிவு விதியைக் கேட்டுவிடுங்கள். கலிஃபோர்னியாவில் மாற்று இன்ஜின் வண்டியின் ஆண்டுக்கு முந்தையதாக இருக்கக் கூடாது, அதன் புகைக் கட்டுப்பாட்டுக் கருவிகளும் முழுதாக இருக்க வேண்டும். ஜெர்மனியில் 30 ஆண்டு கடந்த வண்டிக்குக் கிடைக்கும் ‘ஹெச்’ என்ற பழங்கால வண்டிகளுக்கான எண் பலகை, காலத்துக்குப் பொருந்தாத இன்ஜினால் கைநழுவலாம்.