இலங்கைக் கூட்டமா, பாகிஸ்தான் குரலா?

குடியாத்தம் பக்கம் உள்ளாட்சித் தேர்தலுக்குத் தயாராகும் சிலர் அண்டை நாட்டு உத்திகளில் எதை எடுப்பது என்று குழம்புகிறார்கள்.

முதலாவது இலங்கை வழி: ஊர் ஊராகச் சிறு கூட்டங்கள், குறிப்பாகப் பெண்களுக்கு. இந்த வழியில் போன அநுர குமார திசாநாயக்க, 2019 அதிபர் தேர்தலில் 3.16 சதவீத வாக்கு வாங்கியவர், 2024 அதிபர் தேர்தலில் 42.31 சதவீதம் பெற்றார். பொருளாதாரச் சரிவின் கோபமும் சேர்ந்த கணக்கு அது. கூட்டம் மட்டுமே காரணம் என்று நம்பிவிட வேண்டாம்.

இரண்டாவது பாகிஸ்தான் வழி: சிறையிலிருந்த முன்னாள் பிரதமர் இம்ரான் கானின் குரலில் 2023 டிசம்பரில் செயற்கை நுண்ணறிவு பேசியது. தேர்தல் சின்னமும் பறிபோன அவர் கட்சிக்கு அது வேறு வழியில்லாத வழி.

செலவு: கூட்டத்துக்குப் பணம் குறைவு, ஆள் நிறைய வேண்டும். குரலுக்கு ஒரு கணினி போதும்.

ஆயுள்: பீடி சுற்றும் பெண்களோடு திண்ணையில் பேசியது அடுத்த தேர்தலிலும் நினைவிருக்கும். வாட்ஸ்அப் குரல் மறுநாள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும்.

சிக்கல்: செயற்கைப் பதிவுகளில் அடையாளம் இடும்படி தேர்தல் ஆணையம் 2025 ஜனவரியில் கட்சிகளிடம் கூறியது. விதியோடு விளையாட வேண்டாம்: பணம் பிடிபட்டதால் 2019இல் மக்களவைத் தேர்தலே ரத்தான தொகுதி, குடியாத்தம் அடங்கிய வேலூர். ஆகஸ்டில் நடந்தபோது வெற்றி வித்தியாசம் 8,141 வாக்குகள்தான்.

வார்டு வேட்பாளருக்குக் கூட்டம்தான். ஊரறிந்த தலைவர் நேரில் வர முடியாத பெரிய தொகுதிக்கு, அடையாளமிட்ட குரல் உதவும்.